வீசினதா, வைத்ததா: பதினைந்து தாலுகாவும் ஒரு அடிக்கோலும்

கோடை விடுமுறைக்குப் பாலக்கோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனின் மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேர்ந்த பழைய மேப் ஒன்று தொங்கும். புதிதாக வந்த தாலுகாக்களை அண்ணனே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு வியாபாரம் மந்தம். மேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தாலுகா ஊருங்கள பாத்தியா, கைல கேவுரு அள்ளி வீசுன மாதிரி கெடக்குது."

வேறு யாராவது கேட்டிருந்தால் "ஆமாண்ணா" என்று போயிருப்பார்கள். நான் புவியியல் டீச்சர். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் ரெக்கார்ட் நோட்டில் இதே கேள்விக்கான கணக்கைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பரப்பில் புள்ளிகள் கும்பலாகக் கிடக்கின்றனவா, வீசியது போலக் கிடக்கின்றனவா, இடைவெளி விட்டு வைத்தது போல இருக்கின்றனவா? நியரஸ்ட் நெய்பர் கணக்கு என்பார்கள், தமிழில் அண்மைப் புள்ளி முறை எனலாம். ரெக்கார்ட் நோட்டில் புள்ளிகளும் பரப்பும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் வாய்பாட்டில் போட்டு விடையை எழுதுவார்கள். எங்கள் ஊர் மேப்பில் நானாக அளந்து ஒரு தடவைகூடச் செய்ததில்லை. அண்ணனிடம், "வீசுனதா வெச்சதான்னு கணக்குப் போட்டே சொல்றேன் இருண்ணா" என்றேன். ஒரு சாயங்கால வேலை என்றுதான் நினைத்தேன். பதினோரு நாள் ஆனது.

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை உருவாக்கிய கிளார்க், எவான்ஸ் இருவரும் 1954-ல் செடிகளின் பரவலை அளக்கத்தான் இதை எழுதினார்கள். ஊர்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தது பிறகு வந்த புவியியல்காரர்கள். அதனால் செடியை வைத்தே சொல்வது எளிது. பத்தடிக்குப் பத்தடி என்று சதுரமாக மாங்கன்று நட்ட தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்துக்கு 100 சதுர அடி. எந்த மரத்திலிருந்து பார்த்தாலும் மிக அருகிலுள்ள மரம் 10 அடியில். அதே அளவு நிலத்தில் அதே எண்ணிக்கை மரங்கள் தாமாகவே முளைத்திருந்தால் அருகிலுள்ள மரம் சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருக்கும்? ஒரு மரத்துக்கான பரப்பின் வர்க்கமூலத்தில் பாதி. 100-ன் வர்க்கமூலம் 10, அதில் பாதி 5 அடி. உண்மையில் அளந்த தூரத்தை இந்த எதிர்பார்ப்பால் வகுத்தால் 10 ÷ 5 = 2. இந்த விகிதத்துக்குப் பெயர் ஆர். சதுர நடவுக்கு 2, முக்கோண நடவுக்கு 2.149. அதற்கு மேல் போகவே முடியாது. கையால் தெளித்த விதைப்புக்கு 1 அளவில் வரும். ஒரே மூலையில் கோரை மண்டிய மாதிரி என்றால் 0-வை நோக்கி இறங்கும்.

தாலுகாவுக்கு வருவோம். தர்மபுரி மாவட்டத்தில் ஏழு: தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி. கிருஷ்ணகிரியில் எட்டு: கிருஷ்ணகிரி, ஓசூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, பர்கூர், சூளகிரி, அஞ்செட்டி. ஆகப் பதினைந்து புள்ளி. இரண்டு மாவட்டத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2-ல் பிரிந்த தர்மபுரி மாவட்டம், 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனியாகும் வரைக்கும் ஒரே மாவட்டம்தானே. பரப்பு, ஏறக்குறைய 4,498-ம் 5,143-ம் சேர்த்து 9,640 சதுர கி.மீ. என்று வைத்துக்கொண்டேன்.

1 செ.மீ.க்கு 5 கி.மீ. என்ற அளவில் எல்லை மேப் ஒன்றை டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்தேன். மேலே பட்டர் பேப்பரை வைத்து நாலு மூலைக்கும் குண்டூசி குத்தி, பதினைந்து ஊரையும் புள்ளி வைத்தேன். தாலுகா ஆபீஸ் கட்டடம் இருக்கும் இடத்தில் வைக்கவில்லை, ஊரின் நடுவில்தான் வைத்தேன். ஆகவே நான் கீழே சொல்லும் தூரம் எல்லாமே அரை கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடி, அடிக்கோலால் அளந்து எழுதினேன். சராசரி 16.7 கி.மீ. எதிர்பார்ப்பு: 9,640-ஐ 15-ஆல் வகுத்தால் 642 சொச்சம், அதன் வர்க்கமூலம் 25.4, பாதி 12.7. ஆர் 1.32. அன்று ராத்திரியே அண்ணனிடம், "வீசல, ஓரளவுக்கு இடம் விட்டுத்தான் வெச்சிருக்காங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் மகன் கெடுத்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவன், நான் தாளும் அடிக்கோலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு. போனில் ஓசூர், கிருஷ்ணகிரி நேர்க்கோட்டுத் தூரத்தை அளந்து காட்டினான். 47 கி.மீ. சொச்சம். என் தாளில் 8.9 செ.மீ., அதாவது 44.5 கி.மீ.

"அத்தை, உங்க ஊரு ரெண்டும் ராத்திரியோட ராத்திரியா மூணு கிலோமீட்டர் கிட்ட வந்துருச்சு."

"போன்ல தப்பா இருக்கும்டா."

"அந்த அளவுக் கோட்டை அளந்து பாருங்க முதல்ல."

மேப்பின் அடியில் 50 கி.மீ. என்று ஒரு அளவுக்கோடு இருந்தது. 10 செ.மீ. இருக்க வேண்டியது 9.4 செ.மீ. இருந்தது. பக்கத்துக்குள் அடக்குவதற்காக பிரிண்டர் தானாகவே 94 சதவீதத்துக்குச் சுருக்கியிருக்கிறது. '1 செ.மீ. = 5 கி.மீ.' என்று எழுத்தில் இருப்பது சுருங்கியபின் பொய். கோடாக வரைந்திருப்பது தாளோடு சேர்ந்தே சுருங்குவதால் என்றைக்கும் மெய். வகுப்பில் இதை வருடா வருடம் சொல்கிறவள் நான். அவன் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்து வைத்தேன்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பரப்பையும் அதே சுருங்கிய தாளிலேயே கிராஃப் கட்டம் எண்ணி அளந்திருந்தால் இந்தத் தப்பு விடையில் தெரிந்தே இருக்காது. தூரம் 0.94 மடங்கு, பரப்பு அதன் வர்க்கமான 0.88 மடங்கு, பரப்பின் வர்க்கமூலம் மறுபடியும் 0.94 மடங்கு. வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப்போகும். தூரத்தைத் தாளிலும் பரப்பைப் புத்தகத்திலும் எடுத்ததுதான் என் தப்பு. ரெக்கார்ட் நோட்டுக் கணக்கில் இப்படி ஒரு தப்பு வருவதற்கே வழியில்லை, அதனால் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

திருத்தி அளந்தது இது. தர்மபுரிக்கும் நல்லம்பள்ளிக்கும் 9.5 கி.மீ., பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் 14.6, கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் 15.7, அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் 19.7, ஓசூருக்கும் சூளகிரிக்கும் 20.9, தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் 21.9. இந்த ஆறு ஜோடியும் ஒன்றுக்கொன்று அருகாமை, ஆகவே ஒவ்வொன்றும் இரண்டு தடவை கணக்கில் வரும். மிச்சம் மூன்றும் ஒருதலைக் காதல். போச்சம்பள்ளிக்கு அருகில் காரிமங்கலம் 17.6-ல் இருக்கிறது, ஆனால் காரிமங்கலத்துக்கு அருகில் பாலக்கோடு. ஊத்தங்கரைக்குப் போச்சம்பள்ளி 20.2. பென்னாகரத்துக்கு நல்லம்பள்ளி 24.5. மொத்தம் 266.9, பதினைந்தால் வகுத்தால் 17.8 கி.மீ. ஆர் 1.40.

இது தற்செயலாகவே வந்திருக்கலாமா என்று பார்க்க இசட் மதிப்பு வேண்டும். 0.26136-ஐப் பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கி, புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது தற்செயலாகவே வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவு: 0.26136 × 98.2 ÷ 15 = 1.71 கி.மீ. அளந்ததற்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசம் 5.1. வகுத்தால் இசட் 2.99. 1.96-ஐத் தாண்டினாலே 'தற்செயல் இல்லை' என்று எழுதுவோம். இது 3-ஐத் தொடுகிறது. ரெக்கார்ட் நோட்டாக இருந்தால் இங்கே சிவப்பு மையில் டிக் போட்டிருப்பேன்.

அண்ணன் மகன் விடவில்லை. "இதுக்கெல்லாம் க்யூஜிஐஎஸ்ல ஒரு பட்டனே இருக்கு அத்தை" என்று லேப்டாப்பில் அந்த மேப் மென்பொருளைத் திறந்தான். பதினைந்து ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையை ஒரு ஃபைலில் போட்டு, அண்மைப் புள்ளிப் பகுப்பாய்வை ஓட்டினான். ஆர் என்ன தெரியுமா? ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் சொச்சம்.

இந்த உலகத்தில் 2.149-க்கு மேல் போக முடியாத எண் அது. இப்போது நான் சிரித்தேன்.

எங்கே போனது என்று கண்டுபிடிக்க அரை நாள். அவன் வைத்திருந்த பதிப்பில் அந்தக் கருவி தூரத்தைப் பூமியின் வளைவின்மேல் மீட்டரில் அளக்கிறது. பரப்பை மட்டும் லேயர், அதாவது நாம் கொடுத்த புள்ளித் தொகுப்பு, எந்த அலகில் இருக்கிறதோ அதிலேயே எடுக்கிறது. எங்கள் லேயர் டிகிரியில் இருந்தது. ஆக மேலே 17,800 மீட்டர், கீழே 0.106 டிகிரி. வகுத்தால் லட்சம் வராமல் என்ன செய்யும்? மெஷினுக்கு அலகு தெரியாது. 'ஆழாக்கை முழத்தால் வகு' என்றாலும் வகுத்துக் கொடுக்கும்.

சரி, இடத்தை டிகிரியில் சொல்லாமல் மீட்டரில் சொல்லும் யூடிஎம் முறைக்கு மாற்றலாம் என்றால் எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று குறுக்கே வந்தது. பூமியை ஆறு ஆறு டிகிரியாக வெட்டும்போது 43-வது மண்டலம் முடிந்து 44-வது தொடங்கும் கோடு 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. அது எங்கள் மாவட்டங்களின் குறுக்கே, மாரண்டஅள்ளியை ஒட்டிப் போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் நாலும் 43-ல். மற்ற பதினொன்றும் 44-ல். பழைய டோப்போஷீட், அதாவது சர்வே ஆஃப் இந்தியா மேப், வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. 57எச் என்ற ஷீட் முடிந்து 57எல் தொடங்குவதும் இதே கோட்டில்தான், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் வேறு வேறு ஷீட் தேட வேண்டியிருப்பது இதனால்தான். எல்லாவற்றையும் 44-லேயே, மென்பொருளில் அதன் குறியீடான ஈபிஎஸ்ஜி 32644-ல், போட்டுவிட்டோம். மேற்கே தள்ளி இருக்கும் அஞ்செட்டிப் பக்கம் தூரம் கொஞ்சம் நீளும். கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம்தான், 20 கி.மீ.க்கு இருபத்தைந்து மீட்டர்கூட இல்லை. என் பென்சில் முனை அதைவிடப் பெரிது.

இரண்டாவது ஓட்டத்தில் ஆர் 1.53, இசட் 3.9. நான் கையால் போட்டதோ 1.40. தூரம் இரண்டிலும் ஒன்றேதான். வித்தியாசம் பரப்பில். கருவிக்கு மாவட்ட எல்லை தெரியாது. பதினைந்து புள்ளியையும் அடக்கும் மிகச் சிறிய செவ்வகச் சட்டத்தைப் பரப்பாக எடுத்துக்கொள்கிறது. தெற்கே பாப்பிரெட்டிப்பட்டி முதல் வடக்கே ஓசூர் வரை, மேற்கே அஞ்செட்டி முதல் கிழக்கே ஊத்தங்கரை வரை: சுமார் 8,100 சதுர கி.மீ. அஞ்செட்டிக்கு மேற்கே இருக்கும் காடு, அரூருக்கு அப்பால் சித்தேரி மலை எல்லாம் கணக்கில் இல்லை.

"ரெண்டுல எது சரி அத்தை?"

அவனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். ஊரே இருக்க முடியாத அடர்காட்டைப் பரப்பில் சேர்க்கலாமா, கூடாதா? சேர்த்தால் எதிர்பார்ப்புத் தூரம் கூடும், ஆர் குறையும். நீக்கினால் ஆர் ஏறும். எந்த வேலி போட்டாலும் அதற்கு ஒரு விடை கிடைக்கும். மாவட்ட எல்லைதான் தாலுகாவை ஒதுக்கும் நிர்வாகத்தின் வேலி, அதனால் 9,640-ஐயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இது என் முடிவுதான், வாய்பாட்டின் முடிவு இல்லை.

அப்போதுதான் ஓசூர் உறுத்தியது. ஓசூருக்கு அருகில் சூளகிரி 20.9 என்று எழுதியிருக்கிறேன். ஆனால் கர்நாடகத்தின் ஆனேக்கல், அதுவும் தாலுகா தலைநகர்தான், ஓசூரிலிருந்து நேர்க்கோட்டில் 15 கி.மீ. கூட இல்லை. நான் மேப்பை மாநில எல்லையோடு வெட்டியதால் ஓசூரின் பக்கத்து வீட்டுக்காரனை மறைத்துவிட்டேன். ஓரத்தில் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் இந்தக் கதி உண்டு. எல்லைக்கு அந்தப்புறம் அருகாமை இருந்தாலும் அளக்க மாட்டோம், தூரமாக இருக்கிறதைத்தான் அளப்போம். அதனால் சராசரி வீங்கும். ஆனேக்கல்லைச் சேர்த்துப் பார்த்தேன். ஆர் 1.37-க்கு இறங்கியது. மற்ற எல்லைப் பக்கங்களிலும் தேடினேன். நாட்றம்பள்ளி பர்கூருக்குக் கிட்டத்தில்தான், ஆனாலும் கிருஷ்ணகிரியை முந்தவில்லை.

வீங்குகிறது என்றால் எவ்வளவு வீங்கும்? இதை வாய்பாட்டில் தேடாமல் வீசியே பார்த்துவிடலாம் என்று ஆசை. இரண்டு மாவட்டத்தையும் சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து தரையில் விரித்து, பதினைந்து புளியங்கொட்டையை வீசினேன். படு தோல்வி. கொட்டை உருள்கிறது, துள்ளுகிறது. அதைவிட மோசம் என் கை. எப்படி வீசினாலும் நடுவைக் குறிவைத்தே வீசுகிறது. காரிமங்கலத்தைச் சுற்றிக் குவியல், அஞ்செட்டிப் பக்கம் ஒன்றுமில்லை. மனிதக் கைக்கு உண்மையாகவே எதேச்சையாக வீச வராது போல.

லேப்டாப்பில் எதேச்சை எண் நொடியில் வரும் என்று அவன் சொன்னான். அது சரிதான், ஆனால் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு. கல்லாப்பெட்டியைப் பார்த்தேன். பத்து ரூபாய் நோட்டின் வரிசை எண்ணில் கடைசி நாலு இலக்கம்: முதல் இரண்டு கிழக்கு மேற்கு, அடுத்த இரண்டு வடக்கு தெற்கு. மாவட்டங்களைச் சுற்றி 130 கி.மீ. அகலம், 120 கி.மீ. உயரத்தில் ஒரு பெட்டி போட்டு நூறு நூறாகப் பிரித்துக்கொண்டேன். பல கை மாறி வந்த பழைய நோட்டாக இருக்க வேண்டும். பேங்க் கட்டு என்றால் எண்கள் வரிசையாக வந்துவிடும். எல்லைக்கு வெளியே விழுந்தால் அந்த நோட்டைத் தள்ளிவிட வேண்டியது. ஐந்து நோட்டுக்கு இரண்டு அப்படித்தான் போயின. இரண்டு சாயங்காலம், இருநூற்றுச் சொச்சம் நோட்டு, பத்துச் சுற்று. "கல்லாவ வெச்சு கணக்குப் போடறா, கல்லாவுல ஒரு கணக்கும் போட மாட்டேங்கறா" என்று அண்ணி முணுமுணுத்தது காதில் விழுந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் தாளைப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருந்தது. எதேச்சையான புள்ளிகள் பரவலாக, பதமாகக் கிடக்கும் என்றுதான் நம் மனது எதிர்பார்க்கிறது. உண்மையில் இரண்டு மூன்று புள்ளி ஒட்டிக்கொண்டும், இன்னொரு பக்கம் வெறிச்சோடியும் கிடக்கின்றன. கேவுரு தெளித்த காட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். களை எடுக்கும்போது சேர்ந்து முளைத்ததைக் கலைத்துவிடுவது எதற்கு? அண்ணன் மேப்பைப் பார்த்து 'வீசின மாதிரி' என்று சொன்னது அந்த வகையில் தப்பு. வீசினால் இன்னும் அலங்கோலமாக இருக்கும்.

ஆனால் எண்ணைப் போட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதேச்சை என்றால் ஆர் 1-ஐச் சுற்றி, பாதி மேலே பாதி கீழே வர வேண்டும். என் பத்துச் சுற்றில் எட்டு 1-க்கு மேலே. மிகக் குறைந்தது 0.89, மிக அதிகம் 1.36. வெறும் ரூபாய் நோட்டு எண்களே 1.36 கொடுக்கிறது என்றால், என் 1.40 அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லையே.

பத்துச் சுற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும். ஆனால் ஓர வீக்கம் இங்கே கண்ணுக்குத் தெரிந்தது. புள்ளி பதினைந்தே பதினைந்து, அதில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு எல்லையோரம். இதற்கு 1978-ல் டோனெல்லி என்பவர் கொடுத்த திருத்தம் இருக்கிறது. கல்லூரியில் பெயரளவில் படித்தது, போட்டுப் பார்த்ததில்லை. எதிர்பார்ப்புத் தூரத்தோடு சுற்றளவைப் பொறுத்த ஒரு தொகையைக் கூட்ட வேண்டும். 0.041-ஐப் புள்ளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, 0.0514-ஐச் சேர்த்து, அதைச் சுற்றளவால் பெருக்கி, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எங்கள் எல்லை கோணல்மாணல், அதனால் அதே பரப்புள்ள சதுரமாகவே வைத்துக்கொண்டேன், சுற்றளவு 393 கி.மீ. கூட்ட வேண்டியது 1.6 கி.மீ. எதிர்பார்ப்பு 12.7-லிருந்து 14.3 ஆனது. ஆர் 1.40-லிருந்து 1.24. திட்டப்பிழைக்கும் அவரே வேறு வாய்பாடு கொடுத்திருக்கிறார், அது 1.71-லிருந்து 2.16-ஆக ஏறியது. இசட் 1.62.

1.96-க்குக் கீழே.

தாளைத் திருப்பி வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்து இரண்டாவது தடவை போட்டேன். அதே 1.62. உண்மையான எல்லையின் சுற்றளவு சதுரத்தைவிட நீளம் என்பதால், இன்னும் துல்லியமாகப் போட்டால் இன்னும்தான் இறங்கும். நான் பன்னிரண்டு வருடமாக டிக் போட்ட அத்தனை ரெக்கார்ட் நோட்டிலும் இந்தத் திருத்தம் இல்லை. அதில் எத்தனை 'சீரான பரவல்' இப்படி ஓரத்தில் வீங்கியதோ. கட்டம் போட்டு, கட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணும் இன்னொரு முறையும் உண்டு. பதினைந்து புள்ளிக்கு அது ஆகாது, கட்டத்தைப் பெரிதாக்கினால் ஒரு விடை, சிறிதாக்கினால் ஒரு விடை. விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு சந்தேகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கே பத்துத் தாலுகாதான். காரிமங்கலம், நல்லம்பள்ளி, பர்கூர், சூளகிரி, அஞ்செட்டி ஐந்தும் பிறகு வந்தவை. அந்தப் பத்துக்கு மட்டும் திருத்தம் இல்லாத பழைய ஆர் போட்டேன். சராசரி 22.3 கி.மீ., எதிர்பார்ப்பு 15.5, ஆர் 1.44. ஐந்து கூடிய பிறகு 1.40. அசையவே இல்லை என்று சொல்லலாம். புதிதாக வந்தவை பெரும்பாலும் காலி இடத்தை நிரப்பியிருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் இழுக்கிறது: நல்லம்பள்ளி. அதை மட்டும் எடுத்துவிட்டுப் பதினாலுக்குப் போட்டால் 1.47.

அண்ணன் மகன் உடனே, "அப்போ நல்லம்பள்ளிதான் தப்பான எடம்" என்றான். அப்படி இல்லை. நல்லம்பள்ளித் தாலுகா தெற்கே தொப்பூர் கணவாய் வரை நீள்கிறது. தலைநகர் தர்மபுரிக்கு அருகில் இருப்பதால் தாலுகாவே தர்மபுரியோடு ஒட்டியது ஆகிவிடாது. ஒரு தாலுகாவை ஒரு புள்ளியாக்கும்போதே அதன் மக்கள், சாலை, மலை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டோம். பென்னாகரத்துக்கும் அஞ்செட்டிக்கும் மேப்பில் நேர்க்கோடு 31 கி.மீ. அந்தக் கோடு பறப்பது காட்டின்மேல். பஸ்ஸில் போகிறவரைக் கேட்டால் வேறு எண் சொல்வார். ஆர் அளப்பது புள்ளிகளின் அடுக்கை மட்டும்தான்.

அண்ணனிடம் போய் உண்மையைச் சொன்னேன். "வீசுனதில்லன்னு உறுதியா சொல்ல முடியலண்ணா. வெச்ச மாதிரிதான் தெரியுது, ஆனா சத்தியம் பண்ண முடியாது."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார் அண்ணன். அப்படி அவர் சொல்லவில்லை, ஆனால் வாதாடத் தெம்பில்லை.

கடைசி நாள் சும்மா இருக்க முடியாமல் பதினைந்து ஊரின் மையத்தையும் போட்டோம். இது சுலபம், அட்சரேகைகளின் சராசரி, தீர்க்கரேகைகளின் சராசரி. 12.323 வடக்கு, 78.141 கிழக்கு. பாலக்கோட்டையும் காரிமங்கலத்தையும் இணைக்கும் நேர்க்கோட்டின் கிட்டத்தட்ட சரி பாதியில், அங்கிருந்து 2 கி.மீ. வடக்கே. மையத்திலிருந்து ஊர்களின் பரவலைச் சொல்லும் திட்டத் தொலைவு 37 கி.மீ. 2011 கணக்கில் தர்மபுரி மாவட்டத்துக்கு 15.07 லட்சம் பேர், கிருஷ்ணகிரிக்கு 18.80 லட்சம் பேர். ஆளுக்கு ஒரு எடை கொடுத்தால் மையம் இன்னும் வடக்கே நகரும். எடை இல்லாமலே விட்டோம்.

"இவ்வளவு கிட்டதானே, போய்ப் பாத்துட்டு வந்துரலாம் அத்தை" என்றான். டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்பினோம். கடைசி அரை கிலோமீட்டர் வரப்பின்மேல் நடை. போனில் புள்ளி நகர்ந்து நகர்ந்து ஒரு தக்காளித் தோட்டத்தின் ஓரத்தில் நின்றது. நாங்கள் போனையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியோடு வந்தார்.

"யாரும்மா நீங்க? என்ன அளக்கறீங்க?"

"அளக்கலைங்க அய்யா. ரெண்டு மாவட்டத்துல இருக்கற பதினஞ்சு தாலுகாவுக்கும் நடு எடம் இதுதான். சும்மா பாக்க வந்தோம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நடு எடமா? அப்போ இங்க ஆபீசு கீபீசு வருதா? நெலத்த எடுப்பீங்களா?"

"இல்லீங்க அய்யா. நான் டீச்சர். இது வெறும் கணக்கு."

"கணக்குன்னுதாம்மா எல்லாரும் வராங்க."

ரோட்டுக் கல்லும் இல்லை, பெயின்ட் குறியும் இல்லை, ஆபீசும் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். அண்ணன் மகன் அவனுடைய காலேஜ் கார்டை எடுத்துக் காட்டினான், அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஆனால் நம்பவில்லை. நாங்கள் வரப்பேறி வண்டியை எடுத்துத் திரும்பிப் பார்த்தபோது, எங்கள் போனில் புள்ளி நின்ற அதே இடத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.